மூன்று மடியும் ஒரு காதுகுத்தும்

கோணமேட்டில் வேலாண்டி, சடையன், குப்பாண்டி என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரு புத்தி இருந்தது. அன்றன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

அவர்களுடைய ஒரே தங்கை பூங்காவனம். அவள் மகள் செவ்வந்திக்கு ஐந்து வயது. இன்னும் காது குத்தவில்லை. ஊசியைக் கண்டால் குழந்தைக்குப் பாதி உயிர் போய்விடும். இரண்டு தடவை நாள் குறித்தார்கள். இரண்டு தடவையும் ஓடிவிட்டாள். ஒரு தடவை வைக்கோல் போரிலிருந்து உருவி எடுத்தார்கள். இன்னொரு தடவை பந்தியெல்லாம் முடிந்தபின் பசித்து அவளே வந்தாள்.

மூன்றாம் தடவை, ஒரு வெள்ளிக்கிழமை, அய்யனார் கோயிலில் பந்தல் போட்டாயிற்று. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் குத்தியாக வேண்டும்.

"அண்ணே, அவளை அமுக்கிப் பிடிக்காதீங்க, அதட்டாதீங்க. அவளா வந்து உட்காரணும்" என்றாள் பூங்காவனம். "முதல்ல நீங்க குத்திக் காட்டுங்க. பார்த்தா தைரியம் வந்துடும்."

மூவரும் ஒதுங்கிப்போய் ஆலோசித்தார்கள்.

"யார் காதுல குத்திக் காட்டுறது?"

"பெரியண்ணன் காதுதான் அகலம். தூரத்துல நின்னாலும் தெரியும்."

வேலாண்டிக்குச் சின்ன வயதில் குத்திய ஓட்டை எப்போதோ தூர்ந்து போயிருந்தது வசதியாயிற்று. காது குத்த வந்திருந்த பத்தர் ஊசியை இறக்கினார்.

"அய்யோ, செத்தேன்!"

அந்தக் கூச்சலில் சமையல்காரர் கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டார். சடையன் குழந்தையிடம் குனிந்து பரிவோடு சொன்னான்: "பயப்படாதே கண்ணு. மாமா செத்தேன்னுதான் சொல்றாரு. வலிக்குதுன்னு சொல்லவே இல்லை பாரு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் செவ்வந்தி கோயில் வாசலில் நின்ற குட்டை மண்குதிரை மேல் ஏறி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வர மாட்டேன், போ!"

மணி பத்து. பூங்காவனம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தெருப் பிள்ளைங்க இவளுக்கு ஓட்டக்காரின்னே பேர் வச்சுடுச்சுங்க அண்ணே. விளையாடக்கூடச் சேர்க்கறதில்லை. ராத்திரியில தூங்காம அழுறா."

பத்தர்தான் யோசனை சொன்னார்: "தாய்மாமன் மடியைக் காட்டி உட்காருங்க. மடியைப் பார்த்தா பிள்ளை தானா வரும்."

அங்கேதான் சிக்கல். தாய்மாமன் மூன்று பேர். பத்தர் கேட்டது ஒரு மடி.

"நான்தான் மூத்தவன்" என்றான் வேலாண்டி.

"நீங்க அலறின மாமன். அலறின மடியில எந்தப் பிள்ளை உட்காரும்?" என்றான் சடையன்.

"ஆளுக்கு ஒரு பங்கா உட்கார வச்சுக்கலாமா?" என்று கேட்டான் குப்பாண்டி. குழந்தை குதிரையை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

அன்றைக்குப் புத்தி சடையனிடம் இருந்தது போலிருக்கிறது. "அண்ணன் மடியில நான். என் மடியில தம்பி. தம்பி மடியில குழந்தை. இப்ப மூணு மடியிலயும் குழந்தைதானே இருக்கு?"

பந்தல்காரரின் உயரமான முக்காலியைக் குதிரையை ஒட்டிப் போட்டார்கள். வேலாண்டி உட்கார்ந்தான். அவன் மேல் சடையன், சடையன் மேல் குப்பாண்டி.

"அடேய், காலையில என்னடா தின்னீங்க?" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

"களிண்ணே."

"மொத்தச் சட்டியுமா?"

செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. குப்பாண்டியின் மடி கிட்டத்தட்ட குதிரை முதுகின் உயரத்துக்கே வந்திருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தாள். மறு காலையும் வைத்து உட்கார்ந்துவிட்டாள். பத்தர் ஊசியை எடுத்ததும் மாமன்கள் மூவரும் கிடுகிடுவென்று நடுங்க, அவளும் சேர்ந்து ஆடினாள்.

"ஆடாதீங்க மாமா, விழுந்துடுவேன்!"

"பயமா இருக்கே கண்ணு!"

"பயப்படாதீங்க. நான்தான் மேலே இருக்கேன்ல?"

பத்தர் ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறினார். "மாமன்மாரே, மூணு பேரும் கண்ணை மூடிக்குங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

மூடினார்கள். ஊசி இறங்கியது. மாமன்கள் மூவரும் ஒரே குரலில் அலறினார்கள். செவ்வந்தி குப்பாண்டியின் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. பிறகு தலையைத் திருப்பி, மற்ற காதையும் அவளே காட்டினாள்.

பூங்காவனம் அழுதுகொண்டே குலவையிட்டாள். ராகுகாலத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பத்தர் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தார். கண்ணைத் திறக்கச் சொல்ல மறந்துபோனார்.

பந்தி முடிந்தது. பந்தலையும் பிரித்தார்கள். மாமன்கள் மூவரும் கண்ணை மூடியபடி ஒருவர் மேல் ஒருவராகவே உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, எல்லாம் முடிஞ்சுடுச்சு. கண்ணைத் திறங்க."

"பத்தர் சொல்லட்டும்."

"அவர் ஊருக்குப் போயிட்டாரு."

"போனவர் வராமலா இருப்பாரு?"

செவ்வந்தி இலையில் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு குதிரை மேல் ஏறினாள். காதில் புதுக் கம்மல் மின்ன, உயரத்தில் இருந்த குப்பாண்டிக்கு உருண்டை உருண்டையாக ஊட்டினாள்.

"எனக்கும் பசிக்குதுண்ணே" என்றான் நடுவிலிருந்த சடையன்.

"அவசரப்படாதேடா" என்றான் அடியிலிருந்த வேலாண்டி. "மேலே போட்டது கீழேதானே வந்தாகணும்?"

இருவரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நெடுநேரம் கழித்து வேலாண்டி மெதுவாகக் கேட்டான்:

"கண்ணு, மேலேருந்து கொஞ்சம் ரசம் ஊத்தும்மா. சோறு சின்ன மாமன்கிட்டயே அடைச்சுக்கிச்சு போல."