குளவி பார்க்காத மணல்

அந்தக் காலத்தில் பூச்சிகளும் பறவைகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. அவற்றில் குளவிக்குத்தான் வாய் நீளம். ஆற்றங்கரையில் பானை வனைந்த கொற்றியின் சூளையே கதி என்று அது கிடந்தது.

கொற்றியின் பானைகள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. உமிக்குள் வாய் கவிழ்த்துச் சுட்டால்தான் அந்த நிறம் வரும். அவளுடைய அண்ணன் குவிரன் பானைகளைச் சுமந்துகொண்டு நான்கு நாள் நடந்து கடற்கரை உப்பூருக்குப் போவான், உப்போடு திரும்புவான். அந்த முறை போனவன் பத்து நாளாகியும் வரவில்லை.

கொற்றிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சக்கரத்தின் முன் உட்காருவாள், எழுந்து பாதையைப் பார்ப்பாள். மண்ணைப் பிசைவாள், பாதியில் விட்டுவிட்டு மேட்டில் ஏறுவாள்.

பதினோராம் நாள் ஒரு கடற்காகம் சேதி கொண்டுவந்தது.

"உன் அண்ணனை உப்பூர்க்காரங்க கட்டிப் போட்டிருக்காங்க. அவங்ககிட்ட இருந்த உன் பானையெல்லாம் விரிசல் விட்டுடுச்சாம். நல்ல தண்ணிக்கு அரை நாள் நடக்கிற ஊரு அது. வழியிலயே தண்ணி ஒழுகி, ஒரு பிள்ளை நாக்கு வறண்டு செத்துப் பிழைச்சிருக்கு. முழுநிலாவுக்குள்ள நீ வந்து பதில் சொல்லணும். இல்லேன்னா அவனை நடுக்கடல்ல விட்டுருவாங்க."

"என் பானையாவது ஒழுகுறதாவது!"

முழுநிலாவுக்கு நான்கே நாள். கொற்றி நின்ற நிலையில் கிளம்பினாள். எங்கும் உட்காரவில்லை, கண்ணை மூடினால் அண்ணன் தண்ணீரில் தத்தளித்தான். குளவியும் கூடவே பறந்தது. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்ன, வாய்க்குப் பூட்டு போட்டிருக்கே?" என்றாள். குளவி அவள் முதுகுப் பக்கமாகப் போய்ப் பறந்தது.

நான்காம் நாள் வந்து சேர்ந்ததும், உப்பூரின் தலைவி நெய்தி உடைந்த ஓடுகளைக் கொற்றியின் காலடியில் கொட்டினாள். "உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இது உன் அண்ணன் சுமந்து வந்ததில்லை, யார் யார் கையோ மாறி வந்தது. யார் சுமந்தா என்ன? இந்த நிறம் உன் சூளைக்கு மட்டும்தானே வரும்?"

நிறம் அவளுடையதுதான். வடிவமும் அவளுடையதுதான். கொற்றிக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. படகுக் கட்டையில் கட்டுண்டு கிடந்த குவிரனுக்குப் பானை சுமக்கத் தெரியும், வனையத் தெரியாது. அவன் என்ன சொல்வான்?

அவள் ஓடு ஒன்றை எடுத்து உடைந்த விளிம்பை விரலால் தேய்த்தாள். வழவழவென்று இருந்தது. சட்டென்று அண்ணன் கொண்டுவந்திருந்த புதுப் பானை ஒன்றைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தாள்.

"ரெண்டையும் தொட்டுப் பாருங்க! நான் ஆத்து மணல் கலந்து பிசையிறேன். மணல் இல்லேன்னா பானை சூட்டுக்குத் தாங்காது. இதுல மணலே இல்லை. இது வேற கை!"

நெய்தி தேய்த்துப் பார்த்தாள். புதுப் பானையில் மட்டும் சொரசொரப்பு தெரிந்தது. "அப்போ இது யார் கை?"

குளவியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "மலையடி ஊர்க் குயவங்க சொட்டுத் தேன் கொடுத்தாங்க, உன் வித்தையைச் சொல்லிட்டேன். உமி, கவிழ்க்கிறது, எல்லாம் சொன்னேனே! மணல் எங்கேருந்து வந்துச்சு?"

"விடியுமுன்னே கலந்துருவேன். நீதான் வெயில் ஏறினப்புறம் எழுந்து வர்ற ஆளாச்சே!"

ஊரே சிரித்தது. கொற்றிக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. "தேனுக்காகத் திறந்த வாய்தானே? இனி உன் வாயில மண்ணுதான்!"

நெய்தி தன் கையாலேயே குவிரனை அவிழ்த்துவிட்டாள். "ஆனா கொற்றி, இனிமே ஒவ்வொரு பானையையும் உடைச்சா பார்க்க முடியும்?"

கொற்றி கூரான கல்சில்லு ஒன்றை எடுத்தாள். மிச்சமிருந்த பானைகளின் தோளில் ஒவ்வொன்றாக ஏணிபோல ஒரு குறி கீறினாள். சுட்ட பானையில் கீறியது அழியாது. "இந்தக் குறி இருந்தாத்தான் என் பானை."

அன்று முதல்தான் பானைகள் தோளில் ஒரு கீறலோடு ஊர்விட்டு ஊர் போகத் தொடங்கின. அன்று முதல்தான் குளவியும் பேச முடியாமல் வாய் நிறைய மண்ணைச் சுமக்கிறது; சுவரில் ஒரு குட்டிப் பானை கட்டி முடித்ததும், அதில் ஏதோ குறைகிறது என்று அடுத்த பிடி மண்ணுக்கு ஓடுகிறது.