ஒட்டகச்சிவிங்கியின் ஏழு எலும்பு

செய்யாத திருட்டுக்காக வேலையை இழக்கவிருந்தாள், கல்லூரி விலங்கியல் கூடத்து உதவியாளர் பூங்கோதை.

புதிதாகப் பதவியேற்ற பதிவாளர் கழுத்து நிறைய மாலையோடு கூடத்தைப் பார்வையிட வந்தார். பதவி வந்துவிட்டால் எல்லாப் பாடமும் தானாக வந்துவிடுமல்லவா? ஒட்டகச்சிவிங்கி எலும்புக்கூட்டின் கழுத்தை எண்ணினார்.

“இவ்வளவு நீளக் கழுத்துக்கு ஏழே எலும்பா? மீதியை எங்கே வித்தே? சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா நீ வீட்டுக்குப் போகலாம்!”

பூங்கோதை சுண்டெலியின் எலும்புக்கூட்டையும் பூதக்கண்ணாடியையும் நீட்டினாள். “இதோட கழுத்தையும் எண்ணுங்க சார்.”

எண்ணினார். “இதுக்கும் ஏழா?”

“ரெண்டும் நம்மளை மாதிரி பாலூட்டி வம்சம் சார். ஒட்டகச்சிவிங்கிக்கு ஒவ்வொரு எலும்பும் நீளமா வளர்ந்திருக்கு, அவ்வளவுதான். உங்க கழுத்துலயும் ஏழுதான். எத்தனை மாலை விழுந்தாலும் எட்டாவது முளைக்காது.”