பரிச வீட்டில் ஒப்பாரி

ஒப்பாரி பாடுவதில் சீனித்தாயியை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அவள் குரலெடுத்தால் கல்நெஞ்சுக்காரனும் துண்டைத் தேடுவான். அவளிடம் பாட்டுப் படித்துக்கொண்டிருந்த வடிவு அன்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அக்கா, நம்ம பாட்டால யாருக்காவது ஒரு நல்லது நடந்திருக்கா?"

"ஏன்டி, என்ன வந்துச்சு இப்ப?"

"தவசி அண்ணன் வீட்டுல இன்னைக்குப் பரிசம் போடுறாக. அவரு மக பவுனு ஒன்பதாவதுதான் படிக்கிறா. மாப்பிள்ளைக்குத் தவசி அண்ணன் வயசிருக்கும். வேணாம்னு சொல்லிப் பார்த்தேன். எழவுக்கு அழுகுறவளுக்கு இங்க என்ன வேலைன்னு வெரட்டிட்டாரு."

சீனித்தாயி எழுந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். விறுவிறுவென்று நடந்தாள். வடிவு பின்னாலேயே ஓடினாள்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு தெருமுனையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சீனித்தாயி நேரே போய்த் தவசி வீட்டுப் பந்தலுக்கு நடுவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"மாட்டி வெச்ச பையிருக்க
மகளே நீ போனியோ
பாதி படிச்ச பாடமிருக்க
பறந்து நீ போனியோ..."

வடிவுக்குத் திக்கென்றது. பவுனு உயிரோடு நிலைப்படியில் நிற்கிறாள், பட்டுப்பாவாடையும் பூவுமாக! ஆனாலும் வடிவின் கை தானாகப் போய் சீனித்தாயியின் தோளைப் பற்றியது.

ஒப்பாரி கேட்டால் அந்தத் தெருப் பெண்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். யாருக்கு என்று தெரிந்ததும் திகைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்தார்கள். பந்தலே அதிர்ந்தது.

"உசுரோட இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரியா? எந்திரிங்க!" என்று தவசி கத்தினான். யார் காதிலும் விழவில்லை.

ஒப்பாரி விழுந்த வாசலில் பரிசமாவது, பாக்காவது! மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே நடையைக் கட்டினார்கள்.

"பரிசத்தை இன்னொரு நாள் வெச்சுக்கிறேன்டி!" என்றான் தவசி.

"வை தவசி. நாங்க எல்லாரும் வாரோம்" என்றாள் சீனித்தாயி.

பவுனு ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள். தலையில் இருந்த பூவை அவளே பிய்த்துப் போட்டாள்.

திரும்பும்போது வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"அக்கா, உசுரோட இருக்கிறவளுக்குப் பாடலாமா? நம்ம பாட்டு அதுக்கா இருக்கு?"

"இத்தனை வருசமா யார் யாருக்கோ பாடிட்டேன் வடிவு. அதுல ஒருத்தியும் என் பாட்டைக் கேட்டதில்ல. இன்னைக்கு ஒருத்தி கேட்டா."