தீவுக்குப் பின்னால்

நல்லசிவத்துக்கு ஐம்பத்தைந்து வயது. கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எஸ்தருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எஸ்தரை நல்லசிவம் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஏரிப் பூங்காவில் மனைவி சிவகாமியோடு கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார். சிவகாமி வந்த அன்றே துடுப்பைப் பிடித்துவிட்டாள். இவர் மட்டும் தினமும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கரையிலேயே நிற்பார்.

"இந்தப் பயம் எப்போ போகும், மாஸ்டர்? போனதும் ஏறிடுறேன்."

எஸ்தர் சிரிப்பதோடு சரி.

அன்று மதியம் சிவகாமி தனியாகத் தீவுப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பியது. தண்ணீர் கறுத்தது. தீவைச் சுற்றி வந்திருக்க வேண்டிய சிவப்புக் கயாக்கைக் காணவில்லை.

நல்லசிவம் ஜாக்கெட்டில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். பதில் இல்லை.

மோட்டார் படகு பழுதாகிக் கரையில் கிடந்தது. இரண்டு பேர் போகும் கயாக்கை எஸ்தர் தண்ணீருக்குள் இழுத்தார்.

"ஏறுங்க சார்."

"நானா? எனக்கு இன்னும்..."

"இந்தக் காத்துல ஒரு ஆளா இதைத் தள்ள முடியாது. இங்கே வேற யாரும் இல்லை."

ஏறினார். அலை எழும்பி மடியை நனைத்தது.

"மாஸ்டர், கவிழ்ந்துட்டா?"

"இடது பக்கம் துடுப்பு போடுங்க."

"அவ கவிழ்ந்திருந்தா?"

"வலது."

வழி முழுக்க அந்த இரண்டு சொல்தான். நல்லசிவம் போட்டுக்கொண்டே இருந்தார்.

தீவின் பின்புறம், தண்ணீரில் சாய்ந்திருந்த புங்கங்கிளையைக் கட்டிப்பிடித்தபடி கயாக்கில் உட்கார்ந்திருந்தாள் சிவகாமி. துடுப்பைக் காற்று கொண்டுபோயிருந்தது.

"நீங்களா வந்தீங்க?" என்றாள்.

அவர் கை நீட்டி அவள் கயாக்கின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். மனைவிக்குப் போர்த்திவிட்டு, நல்லசிவம் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். எஸ்தர் ஈரத்தோடு மணலில் உட்கார்ந்து, ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கி, கொக்கி நழுவி நழுவிப் போனது.

நல்லசிவம் குனிந்து கழற்றிவிட்டார்.

"மாஸ்டர்... உங்களுக்குமா பயம்?"

எஸ்தர் ஏரியைப் பார்த்தார்.

"எனக்கும் அதே ஆழம்தானே சார்."