குளத்தில் தேக்கிய காற்று

ஊத்தங்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று பக்கத்து ஊர் மேலக்கரைக்காரர்கள் சொல்லுவார்கள். அது சுத்தப் பொய். மூளை இருந்தது. தேய்ந்துபோகக் கூடாதே என்று எடுத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் குளத்துக்கு நீர்பாய்ச்சி மாசானமுத்து. மடையைத் திறந்து, இன்னார் வயலுக்கு இன்ன நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர். மூன்று வருஷமாகக் குளத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் தினமும் விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். மடையைத் திறப்பார். வராத தண்ணீரை முறைப்படி பாய்ச்சிவிட்டு வீட்டுக்கு வருவார். வயல்காரன் தளவாய் ஒருநாள், தன் முறையில் அரைமணி நேரம் குறைந்துவிட்டது என்று சண்டைக்கே வந்துவிட்டான்.

மாசானமுத்துவுக்குத் தண்ணீர் வராதது பெரிய வருத்தம் இல்லை. மனைவியின் தம்பி கொம்பையா விசில் வைத்திருந்ததுதான் வருத்தம்.

கொம்பையா மேலக்கரைக்காரன். அந்த ஊரில் பன்னிரண்டு காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றுக்குக் காவல் வேலை அவனுக்குக் கிடைத்தது. காக்கிச் சட்டை கொடுத்தார்கள், கழுத்தில் தொங்கவிட விசில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காதுகுத்து வீட்டில், முதல் பந்தியில் மாசானமுத்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கப்போகும் நேரத்தில் கொம்பையா விசிலை ஊதினான். விளையாட்டுக்குத்தான் ஊதினான். மாசானமுத்து ஏதோ உத்தரவு என்று எழுந்து நின்றுவிட்டார். அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு முடிவு செய்தார். தனக்கும் ஒரு விசில் வேண்டும். அதை ஊதிக் கொம்பையாவை எழுப்ப வேண்டும்.

வைகாசி மாதம் ஒரு இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். குளத்துக்குப் பக்கத்தில் உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் மூன்று கிண்ணங்களைச் சுழலவிட்டார். ஊர்த் தலைவர் உச்சிமாகாளி எல்லோரையும் கூட்டி வைத்திருந்தார்.

"உங்க ஊர்ல காத்தாலை வைக்கலாமான்னு பார்க்கணும்," என்றார் இன்ஜினியர். "எவ்வளவு காத்து அடிக்குதுன்னு இந்தக் கிண்ணம் சுத்தறதை வச்சுத்தான் தெரியும். புரட்டாசி கடைசியில வருவேன். ரெண்டே விஷயம். காத்துக்குக் குறுக்கே எதுவும் நிக்கக் கூடாது. இந்தக் கிண்ணத்தைக் கண்ணைப் போலப் பார்த்துக்கணும். யார் பார்த்துக்குறாரோ அவருக்கே காவல் வேலை."

"விசில் உண்டுமா சார்?" என்று கேட்டார் மாசானமுத்து.

"உண்டு."

"அப்ப நான் பாத்துக்கிடுதேன்."

ஜீப் போனதும் ஊர் கூடி யோசித்தது.

"காத்து மேற்கேயிருந்துதான வருது," என்றான் தளவாய். "மேலக்கரையில பன்னிரண்டு காத்தாடி நிக்குது. அவன் கரண்ட்டையெல்லாம் பிழிஞ்சு எடுத்துக்கிட்டு நமக்குச் சக்கையத்தான அனுப்புதான்?"

"சக்கையில கொஞ்சமாவது மிச்சம் இருக்காதா?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"ஒரு இறக்கைன்னா மிச்சம் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் மூணு வச்சிருக்கானே. முதல் இறக்கை தப்பவிட்டதை ரெண்டாவது பிடிக்கும். ரெண்டாவது தப்பவிட்டதை மூணாவது பிடிக்கும்."

கூட்டம் கவலையோடு தலையாட்டியது. கடைசியில், இருக்கிற சக்கையையாவது தடங்கல் இல்லாமல் விடுவோம் என்று தீர்மானம் ஆயிற்று.

மறுநாள் முதல் காற்று அடிக்கும்போது ஊத்தங்குளத்தில் யாரும் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்று படித்தவர் சொல்லியிருக்கிறார் அல்லவா? தெருவில் போகிறவர்கள் காற்று வந்ததும் சட்டென்று படுத்துக்கொண்டார்கள். மேல்காற்றுக் காலத்தில் காற்று லேசில் ஓயாது. ஆகவே கடைக்குப் போகிறவர்கள் உருண்டு போனார்கள். தளவாயின் எருமைக்கு மட்டும் விஷயம் புரியவில்லை. அது பாட்டுக்கு நின்றது. அதன் காதில் இன்ஜினியர் சொன்னதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, தளவாய் அதைக் கிழக்கு மேற்காகத் திருப்பி நிறுத்தினான். "இப்ப மூஞ்சி மட்டுந்தான் குறுக்கே இருக்கு தலைவரே, பொறுத்துக்கிடுங்க," என்றான்.

வீடுகள் நிற்கின்றனவே என்ற பிரச்சினை வந்தது. மேற்குக் கதவையும் கிழக்குக் கதவையும் கழற்றிப் போட்டார்கள். காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போயிற்று. போகும்போது சும்மா போகவில்லை. மாசானமுத்துவின் மனைவி பிச்சம்மாள் பற்றவைத்த அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு, முறத்தையும் தூக்கிக்கொண்டு போயிற்று.

"மூணு நாளா ஊறவச்ச அரிசியைத் திங்கோம்," என்றாள் பிச்சம்மாள். "என் தம்பி வேலைக்குப் போனான், அவன் வீட்டுல சோறு வேகுது. நீரு வேலைக்குப் போறதுக்கு முன்னாலயே எல்லாம் வேகாமப் போச்சு."

"விசில் வரட்டும்," என்றார் மாசானமுத்து, படுத்தபடியே.

இதற்கிடையே அவருக்கு ஒரு யோசனை வந்தது. நாற்பது வருஷம் மடை பார்த்தவர் அல்லவா?

"தலைவரே, காத்து கிழக்கே போகுது. குளத்துக்கரை எங்க இருக்கு? கிழக்கே. இந்தச் சக்கைக் காத்தையும் கீழூர்க்காரனுக்கு எதுக்கு விடணும்? நாலு மடையையும் அடைச்சிட்டா, குளத்துல காத்து தேங்கிடும். ஆடியில தேக்கினா மார்கழி வரைக்கும் வச்சுப் பாய்ச்சலாம்."

"கரை காத்துக்குக் குறுக்கே நிக்குதே வே?"

தளவாய் கரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "நிக்கலை தலைவரே. படுத்துத்தான் கிடக்கு."

மடைகளைப் பலகை வைத்து மூடி, களிமண் பூசி அடைத்தார்கள். ஆடி முடியும்போது உச்சிமாகாளி குளத்துக்குள் இறங்கிப் பார்த்தார். கழுத்துவரை காற்று நின்றது. ஊருக்கே பெருமையாக இருந்தது. நீச்சல் தெரியாத பிள்ளைகள் குளத்துப் பக்கம் போகக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள்.

கிண்ணத்தைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்ளும் வேலையில் மாசானமுத்து ஒரு குறையும் வைக்கவில்லை.

"கண்ணை எப்படிப் பாத்துக்கிடுதோம்?" என்று தளவாயிடம் கேட்டார்.

"காத்தடிச்சா மூடிக்கிடுதோம் அண்ணாச்சி. தூசி விழுந்துருமே."

"காத்து நின்னா?"

"திறந்துக்கிடுதோம்."

அப்படியே செய்தார். காற்று அடிக்கத் தொடங்கினால் துண்டோடு கம்பத்தில் ஏறி, மூன்று கிண்ணங்களையும் இறுக்கிக் கட்டுவார். காற்று நின்றால் ஏறி அவிழ்ப்பார். முழங்கை தேய்ந்தது, வேட்டி கிழிந்தது. கிண்ணங்களில் ஒரு தூசி விழவில்லை.

புரட்டாசி கடைசியில் இன்ஜினியர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கியதும் அவர் தொப்பி பறந்து கீழூர்ப் பக்கம் போயிற்று. கம்பத்தின் அடியில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். நான்கு மாதமும் பூஜ்யம் என்று காட்டியது.

"இந்த ஊர்ல காத்தே இல்லை," என்றார்.

"சார், உங்க தொப்பி..." என்றார் உச்சிமாகாளி.

"தொப்பியை வச்சு ரிப்போர்ட் எழுத முடியாதுய்யா. மிஷின் சொல்றதுதான் எழுத முடியும்."

ரிப்போர்ட் எழுதத் தாளை விரித்தார். தாள் பறந்தது. மாசானமுத்துவும் தளவாயும் இன்னும் இரண்டு பேரும் நான்கு மூலையிலும் உட்கார்ந்துகொள்ள, நடுவில் இருந்த இடத்தில் 'இவ்வூரில் காற்று வீசுவதில்லை' என்று எழுதி, முத்திரை குத்தி, ஒரு பிரதியைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மாசானமுத்து கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார். காற்றாலை போயிற்று. விசில் போயிற்று. இனி எந்தப் பந்திக்குப் போனாலும் கொம்பையா ஊதுவான், இவர் எழுந்திருக்க வேண்டும்.

ஊர் கூடியது. உச்சிமாகாளி ரிப்போர்ட்டை எல்லோருக்கும் காட்டினார்.

"நமக்குக் காத்து கிடையாதுன்னு சர்க்கார் முத்திரையே இருக்கு. அப்படின்னா இப்ப அடிக்குதே, இது யார் காத்து?"

எல்லோரும் மேற்கே திரும்பிப் பார்த்தார்கள்.

"மேலக்கரைக் காத்து," என்றான் தளவாய்.

"அவன் காத்து நம்ம ஊருக்குள்ள எப்படி வரலாம்? கேட்டானா? எல்லையில ஆள் போடணும். திருப்பி அனுப்பணும்," என்றார் உச்சிமாகாளி.

"அதுக்கு விசில் வேணுமே," என்றார் மாசானமுத்து மெதுவாக.

சந்தையில் ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார்கள். காக்கிச் சட்டை கிடைக்கவில்லை. இருந்த வெள்ளைச் சட்டையையே செம்மண்ணில் புரட்டிப் போட்டுக்கொண்டார். மேற்கு எல்லையில் நின்று, காற்றைப் பார்த்துக் கையை நீட்டி, கன்னம் வலிக்க ஊதினார். முதல் நாள் காற்று மதிக்கவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் தயங்கியது. ஐப்பசி பிறந்த எட்டாம் நாள் அடியோடு நின்றது.

வருஷா வருஷம் ஐப்பசியில் மேல்காற்று நிற்கும் என்பது ஊத்தங்குளத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. மேலக்கரையிலும் யாருக்கும் ஞாபகம் இல்லை என்பது மறுநாள் தெரிந்தது. கொம்பையா மாட்டுவண்டியில் இருபது காலிச் சாக்குகளோடு வந்து நின்றான்.

"அத்தான், நீரு விசிலை ஊதினதுல எங்க பன்னிரண்டு காத்தாடியும் நின்னு போச்சு. உங்க குளத்துல காத்து தேக்கி வச்சிருக்கீராமே. எங்க காத்துதான. கொஞ்சம் தாரும்."

மாசானமுத்து குளத்துக்கரையைக் காட்டினார். "முதல்ல உக்காரு," என்றார்.

கொம்பையா குளத்துக்கரையில் உட்கார்ந்தான். மாசானமுத்து விசிலை எடுத்து, உதட்டில் வைத்து, நீளமாக ஊதினார்.

கொம்பையா எழுந்து நின்றான்.

மாசானமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உக்காரு," என்றார். மறுபடியும் ஊதினார். மறுபடியும் எழுந்தான். பதினோரு தடவை ஆனபிறகுதான் மண்வெட்டியை எடுத்து மூன்றாம் மடையின் களிமண்ணை வெட்டினார்.

மடைவாயில் சாக்கு சாக்காகப் பிடித்து, வாயை இறுகக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

"கனமே இல்லையே அத்தான்?"

"அது பிழிஞ்ச காத்துல்லா. பிழியாததுதான் கனக்கும். சாக்கைத் திருப்பிக் கொண்டாந்துரணும், பாத்துக்கோ. ஊர்ச் சாக்கு இல்லைன்னாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு."

மூன்றாம் நாள் கொம்பையா சொன்னபடி வந்தான். பத்தொன்பது சாக்குகள் மடித்தபடி இருந்தன. ஒன்று மட்டும் கட்டியபடியே இருந்தது.

"பத்தொன்பதை அவிழ்த்தும் ஒரு இறக்கைகூட அசையலை அத்தான். இருபதாவதையும் எதுக்கு வீணாக்கணும்னு அப்படியே கொண்டாந்துட்டேன்."

என்ன இருந்தாலும் மச்சினன் நாணயக்காரன் என்று மாசானமுத்துவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய பகையை எல்லாம் அந்த நிமிஷமே விட்டுவிட்டார். இரண்டு பேருமாக மூட்டையைப் பிடித்துக் குளத்துக்குள் இறக்கினார்கள். வெளியே சிந்தாமல் மெதுவாக வாயை அவிழ்த்துக் கவிழ்த்தார்கள். கடைசிச் சொட்டுக் காற்றும் இறங்கட்டும் என்று கொம்பையா சாக்கை நன்றாக உதறினான்.

மாசானமுத்து கரையேறி, குளத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு சொட்டு ஈரமில்லாத வேட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பரவாயில்லையே கொம்பையா, காத்து இன்னும் கிடக்கு. முழங்கால் வரைக்கும் நனைஞ்சிட்டேனே."