இரண்டு காதிலும் பூ வைத்த பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். சுவருக்கு உள்ளே, சுவருக்கு வெளியே என்று நடக்கிற கதை இது. தள்ளி உட்கார்ந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் போகும்.

அந்தக் காலத்தில் பெயர்களுக்குக் கை கால் இருந்தது, வாயும் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற பாஷைகளில் லிஸ்ப் என்று ஒன்று இருக்கிறதே, அது அப்போது ஒரு நாடு. அங்கே வீடு என்றால் அடைப்புக்குறி மாதிரி எதிரெதிரே வளைந்த இரண்டு பிறைச்சுவர், அவ்வளவுதான். வேலை செய்கிறவர்கள் திறக்கிற பிறை வழியே நுழைவார்கள், வேலை முடிந்ததும் மூடுகிற பிறை வழியே வெளியே வருவார்கள்.

வீடெல்லாம் ஆட்களுக்குத்தான். பெயர்களுக்கு வீடு கிடையாது. எல்லாம் ஊர்ப் பொட்டலில்தான் நிற்கும். அதில் ஒருவன் அளவு. அவன் கையில் எப்போதும் ஓர் எண் இருக்கும். கூப்பிட்டுக் கேட்டால் சொல்வான். வேறு எண்ணைக் கொடுத்து "இதைப் பிடி" என்றால், பழையதைப் போட்டுவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்வான். யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்க மாட்டான்.

கண்மாய் மடையைத் திறக்கிறவர் சோணை. தினம் காலையில் அளவைக் கேட்பார். "இரண்டு" என்பான். மடைப் பலகையை இரண்டு சாண் தூக்குவார். எத்தனையோ வருஷமாய் இரண்டுதான், ஆனாலும் கேட்காமல் தூக்க மாட்டார். அந்த நாட்டு ஆட்களின் குணம் அப்படி. பெயரைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டார்கள். பெயர் சொன்னதை மறுத்தும் பேச மாட்டார்கள்.

ஒரு நாள், கண்மாய்க் கரைக்கு மண் போட வந்தவர்களுக்கு இருளாயி விடிகாலையிலேயே சோறு பொங்கினாள். பன்னிரண்டு படி அரிசி. படி அளக்கும்போது மறந்துவிடக் கூடாதே என்று அளவைக் கூப்பிட்டு, "பன்னிரண்டு, பிடி" என்றாள். பிடித்தான். சோறு வெந்தது, உலையை இறக்கினாள், பிறையைத் தாண்டிப் போய்விட்டாள். அவன் கையில் இருந்ததை யாரும் மாற்றவில்லை.

சோணை வந்தார். "எத்தனை?"

"பன்னிரண்டு."

சோணை பலகையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தூக்கினார்.

நாற்றங்காலுக்குள் தண்ணீர் பாய்ந்தது. ஊரே ஓடிவந்து பலகைமேல் ஏறி நின்று அடைத்தது. வடிந்தபின் பார்த்தால் பாதி நாற்று படுத்துக் கிடந்தது.

பொட்டலில் கூட்டம் கூடியது.

"பன்னிரண்டு சாண் தூக்கச் சொன்னானே, இவன் புத்தி எங்க போச்சு?" என்றார் சோணை.

"பலகையே பத்துச் சாண்தான் கொழுந்தனாரே. உங்க புத்தி எங்க போச்சு?" என்றாள் இருளாயி.

"உலைக்குச் சொன்னதை ஊருக்கு விட்டுட்டுப் போனது யாரு மதினி?"

அளவு மெல்லச் சொன்னான். "குடுத்ததைப் பிடிச்சேன். கேட்டதுக்குச் சொன்னேன். வேற என்ன செய்ய?"

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. இனி ஒருவரும் இவனைக் கூப்பிடக் கூடாது என்று தீர்மானமானது. அந்த நாட்டில் அது சின்னத் தண்டனை இல்லை. கூப்பிட ஆளில்லாத பெயரைச் சாயங்காலக் காற்று குப்பையோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். அப்புறம் அப்படி ஒருவன் இருந்தான் என்பதே இருக்காது.

கூட்டத்தின் கடைசியில் லெட் என்கிற குட்டைப் பெண்பிள்ளை நின்றிருந்தாள். பிறைச்சுவருக்கு மண் குழைக்கிறவள்.

"இருளாயி, அந்தப் பன்னிரண்டு உனக்கு எம்புட்டு நேரம் வேணும்?"

"உலையை இறக்குற வரைக்கும்."

"வேற யாருக்காச்சும் வேணுமா?"

"என் அடுப்புச் சோறு அடுத்தவளுக்கு எதுக்கு?"

"அப்பறம் ஏன் ஊருக்குப் பொதுவா நிக்கிறவன் கையில குடுத்த?"

"வேற யார் கையில குடுக்க? ஆளைக் காட்டு பார்ப்போம்."

லெட் இருளாயி வீட்டு வாசலுக்குப் போனாள். திறக்கிற பிறைக்கு அடுத்தாற்போல் உள்பக்கம் உட்கார்ந்து, ஒரு கை ஈரமண்ணில் சாண் உயரத்துக்கு ஒரு பொம்மை பிடித்தாள். அதன் கையில் பன்னிரண்டை வைத்தாள்.

"இவன் பேரும் அளவுதான்."

சோணை சிரித்தார். "ஒருத்தனே நாத்தை முக்கிட்டான். ரெண்டாவதா?"

"உங்க வீட்லயும் ஒரு சோலையம்மா, எங்க வீட்லயும் ஒரு சோலையம்மா. உங்க வீட்டுக்குள்ள நின்னு நீங்க கூப்பிட்டா எவ வருவா அண்ணே?"

"எங்க வீட்டுச் சோலையம்மாதான்," என்றார் சோணை.

"வீட்டுக்குள்ள அப்படி ஒருத்தி இல்லைன்னா, கூப்பிட்ட சத்தம் அந்த வீட்டைச் சுத்தி இருக்கிற வெளிச்சுவருக்குள்ள போகும். அங்கயும் இல்லைன்னா பொட்டலுக்குப் போகும். இப்பப் பாருங்க."

பொட்டலில் நின்றவன் கையில் சோணை பழைய இரண்டைக் கொடுத்தார். இருளாயி உள்ளே நின்று "அளவு" என்றாள். மண்பொம்மை "பன்னிரண்டு" என்றது. அதே நேரத்தில் சோணை வெளியே நின்று "அளவு" என்றார். "இரண்டு" என்றான் பெரியவன். இருளாயி மூடுகிற பிறையைத் தாண்டினாள். பொம்மை கரைந்து மண்ணோடு மண்ணானது.

"ஐயோ பாவம்," என்றாள் இருளாயி.

"என்ன பாவம்? நாளைக்கு உலை வச்சா நாளைக்கு ஒருத்தன்."

சோணை திரும்பவும் கூப்பிட்டார். "இரண்டு." இன்னொரு தடவை. "இரண்டு." மனுஷருக்குக் கேட்டுக் கேட்டு ஆசை தீரவில்லை. சாயங்காலம் காற்று வந்தது. அளவை ஒரு சுற்றுச் சுற்றியது. கூப்பிட ஆள் இருக்கிறது என்று கண்டதும் சருகை மட்டும் அள்ளிக்கொண்டு போனது. அளவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாய்ந்த நாற்றில் பாதிக்குமேல் அடுத்த வாரமே நிமிர்ந்துவிட்டது என்பார்கள்.

லெட் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. கண்மாய்க் கரையில் ஏறி, எருக்கஞ்செடியில் இரண்டு பூப் பறித்து வந்தாள். ஐந்து முனையும் விரிந்த பூ. அளவின் வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று செருகினாள்.

"அவன் காதுல பூ வச்சுட்டு யாரை ஏமாத்தப் போற?" என்றார் சோணை.

"ஏமாறாம இருக்கத்தான் அண்ணே. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பூ தெரியும். இவன் ஊருக்குப் பொது, கையில இருக்கிறதை மாத்துனா எல்லார்க்கும் மாறும்னு ஒரு நிமிஷம் யோசிப்பாங்க."

அன்று முதல்தான், லிஸ்ப் எழுதுகிறவர்கள் பொதுவான பெயருக்கு அந்தப் பூ மாதிரியே முன்னால் ஒரு நட்சத்திரக் குறி, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி வைக்கிறார்கள். வீட்டுக்குள் பிறந்து வீட்டுக்குள்ளேயே கரைகிற பெயர் என்றால், பிறை திறந்ததும் லெட் என்று எழுதுவதோடு சரி.