தூக்கு என்றது யார்?

தூத்துக்குடியில் சூசை மிக்கேல் என்று ஒரு படகு மெக்கானிக் இருந்தார். ஒரு நாள் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இடது கைதான் ஸ்பூன் பிடித்து அவருக்குச் சோறு ஊட்டியது.

பிறந்தது முதல் பீச்சாங்கை என்றே பெயர் வாங்கிய கை அது. இப்போது அதற்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே நான்தான் சோத்தாங்கை" என்றது வலது கையிடம். "நீ சும்மா நடிக்க. வேலைக்குப் பயந்து படுத்துக் கிடக்க."

வலது கைக்கு வேறொரு சந்தேகம். ஐம்பது வருடமாக மூளையிலிருந்து விரல்களை ஏவிய குரலைக் காணோம். பத்து நாளாக வேறு ஏதோ ஒரு குரல், "எழும்பு, எழும்பு" என்று தட்டுத் தடுமாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"யாருல நீ?"

"நான்தான். பழைய ஆளுதான்."

கொஞ்சம் தயங்கித்தான் சொன்னது. பொய் சொல்கிறவன் அப்படித்தானே தயங்குவான்?

திங்கட்கிழமை, உடற்பயிற்சி சொல்லித்தரும் ஷர்மிளா வந்தாள். இடது கையை மடக்கித் துண்டால் கட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் சோறு சோத்தாங்கையாலதான், அண்ணாச்சி. அப்பவும் வரலைன்னா இடது கையையே பழக்கிரலாம்."

"ஊட்டுனவனுக்குக் கட்டா? எல்லாரும் கூட்டு சேந்துட்டீங்க" என்றது இடது கை.

சூசையின் மனைவி அமலோற்பவம் சோற்றில் மீன்குழம்பை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தூக்கு" என்றது குரல். வலது கை தோளோடு சேர்ந்து எகிறியது. சோறு காதில் போய் அப்பியது.

"வாய் அங்கயா இருக்கு?" என்று சிரித்தபடி துடைத்தாள் அமலோற்பவம். துடைக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமையும் காதுதான். சனிக்கிழமையும் காதுதான். வலது கைக்குப் பொறுக்கவில்லை.

"வேணும்னே செய்யுத. நீ இடது கையோட ஆளு. விரலைப் பாத்து பழைய ஆளு ஒருநாளும் 'தூக்கு'ன்னு சொன்னதில்ல. பிசை, உருட்டு, தள்ளும்பான். தூக்குங்கது தோளுக்குச் சொல்லுத சொல்லு. யாரு நீ?"

குரல் உண்மையைச் சொல்லிவிட்டது.

"தோளை ஏவுதவன். அவனுக்குப் பக்கத்து வீடு. வாதம் வந்த அன்னைக்கே அவன் செத்துட்டான். அவன் இருந்தப்ப சுவத்துக்கு அந்தப் பக்கம் பேசுறது லேசா கேக்கும், அவ்வளவுதான். எனக்கு விரல் வேலை தெரியாது."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"அவன் இல்லைன்னு தெரிஞ்சா நீ எழும்பியிருப்பியா?"

வலது கைக்குத் துக்கம் தாங்கவில்லை. அன்று முழுக்க அது மடியில் கவிழ்ந்தே கிடந்தது.

ஞாயிறு மதியம் தட்டு வந்தது. "முதல்ல பிசைன்னு சொல்லு" என்றது வலது கை. குரல் சொன்னது. பிறகு உருட்டச் சொன்னது, பிறகு தள்ளச் சொன்னது. பாதிச் சோறு மடியில் சிந்தியது. மீதி வாய்க்குள் போனது. அமலோற்பவம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நடிப்புன்னு அன்னைக்கே சொன்னேம்லா" என்றது கட்டுக்குள் இருந்த இடது கை.

"நான் சொன்னது சரிதானா?" என்று கேட்டது குரல்.

"இல்ல. அவன் இப்படிச் சொல்ல மாட்டான்" என்றது வலது கை, அடுத்த வாய்ச் சோற்றை உருட்டிக்கொண்டே.